கைநாட்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் அம்மா கட்டைவிரலுக்கு எண்ணெய் போடத் தொடங்கிவிடுவாள். ராத்திரி படுக்குமுன் இரண்டு விரலுக்கும் ஒவ்வொரு சொட்டுத் தேங்காயெண்ணெய். நன்றாகத் தேய்த்துவிட்டு டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "ரேகை தெரியுதா பாரு அம்மிணி" என்பாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பேன். அறுபது வருஷம் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பாத்திரம் தேய்த்த விரல். ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருக்கும். "தெரியுதும்மா" என்று சொல்லிவிடுவேன்.

அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதை அந்த விரல்தான் வருஷத்துக்கு ஒருமுறை சொல்லியாக வேண்டும். அப்பாவின் பி.எஃப். பென்ஷனில் விதவைக்கு வரும் தொகை அவளுக்கு வருகிறது. அதற்கு வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். அம்மா அதை "உசுரோட இருக்கற சர்டிபிகேட்" என்பாள். பி.எஃப். பென்ஷன்காரர்கள் இப்போது எந்த மாதம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குச் செல்லும் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. அப்பா நவம்பரில் போவார். அதனால் அம்மாவுக்கும் நவம்பர்தான்.

ஒரு நவம்பரில், பேங்கில் அந்தச் சின்னக் கறுப்புக் கருவி ஆறு தடவை அவள் விரலை ஏற்கவில்லை. கை கழுவிவிட்டு வந்தாள். முந்தானையில் துடைத்தாள். இடது விரலை வைத்தாள். கவுண்டரில் இருந்த பெண் பொறுமைசாலி. "இன்னொரு வாட்டி நல்லா அழுத்துங்க பாட்டி" என்று ஒவ்வொரு தடவையும் சிரித்த முகமாகத்தான் சொன்னாள். ஏழாவது தடவைக்கு முன்னால் அம்மா என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்: "நான் செத்துட்டேன்னு வருதா?"

எனக்குப் பெரியாத்தாளின் விரல் ஞாபகம் வந்தது. அது எப்போதும் நீலமாக இருக்கும்.

பெரியாத்தா என் அப்பத்தாவின் அக்கா. பிள்ளை இல்லை. புருஷன் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. சிங்காநல்லூரில் எங்கள் வளவில் கடைசி அறை அவளுடையது. மாதத்தில் ஒருநாள் தபால்காரர் தோல்பையோடு வாசலில் சைக்கிளை நிறுத்துவார். அவர் வருகிற வாரம் முழுக்கப் பெரியாத்தா வெளியில் எங்கும் போகமாட்டாள். மணியார்டர் தாளைத் திண்ணையில் விரித்து, மைப்பெட்டியைத் திறந்து, "ஆத்தா, கையக் குடுங்க" என்பார் அவர். அவளுடைய விரலைத் தன் இரண்டு விரலால் பிடித்து மையில் உருட்டி, தாளில் உருட்டி எடுப்பார். பக்கத்தில் யாராவது சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு எழுதத் தெரிந்ததும் நான் போடுகிறேன் என்று அடம்பிடிப்பேன். பிள்ளைகள் போடக்கூடாது என்பார். மையை அவள் சாயங்காலம்வரை துடைக்கமாட்டாள். அந்த விரலோடேயே சோறு உண்பாள். பணம் வந்த கையை உடனே கழுவக்கூடாது என்பது அவள் கணக்கு.

அது முதியோர் ஓய்வூதியம். 1962 ஏப்ரல் 1 அன்று, காமராசர் முதலமைச்சராக இருந்தபோது இங்கே தொடங்கியது. முதலில் மாதம் 20 ரூபாய். வடிவம் பலமுறை மாறி, தொகை பலமுறை ஏறி, 2011இல் ஆயிரமாகி, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. நடுவில் 1995 ஆகஸ்ட் 15 முதல் மத்திய அரசும் ஒரு பங்கு போடத் தொடங்கியது. அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயதுவரை உள்ளவர்களுக்கு அந்தப் பங்கு 200 ரூபாய், எண்பது ஆனவர்களுக்கு 500. மீதி முழுவதும் மாநிலப் பணம். எங்கள் தெருவில் அதை வாங்கும் பாட்டிகள் "ஓஏபி" என்றே சொல்வார்கள். அந்த மூன்று எழுத்துக்கு என்ன விரிவு என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. வயதையும் வறுமையையும் நிரூபிக்க என்னென்ன தாள் வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அதைத்தான் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

பெரியாத்தாளுக்கு மனு எழுதிய கதையை அப்பத்தா அடிக்கடி சொல்வாள். அப்போதெல்லாம் கிராம நிர்வாக அலுவலர் கிடையாது, மணியகாரர்தான். அவர் வளவுக்கு வந்து விசாரித்தாராம். பெரியாத்தாளைப் பார்த்துக்கொள்ள ஆருமில்லை, ஆதரவற்றவர் என்று எழுத வேண்டும் என்றாராம். பெரியாத்தா எழுந்து நின்றுகொண்டாளாம்.

"என்ற தங்கச்சி இங்கிருக்கறா. அவ மவன் மில்லுக்குப் போறான். நான் எப்படிங்க ஆருமில்லாதவ ஆவேன்?"

"அது சர்க்கார் வார்த்தைங்காத்தா. அப்படி எழுதினாத்தான் பணம் வரும்."

அவளை ஒப்புக்கொள்ள வைக்க அப்பத்தாளுக்கு இரண்டு நாள் ஆனதாம். பணம் வரும் நாளில் பெரியாத்தா முக்குக் கடைக்குப் போய், எங்கள் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிவருவாள். வளவில் உள்ள ஒரு பிள்ளை விடாமல் கூப்பிட்டுக் கையில் கொடுப்பாள். ஏன் அப்படிச் செய்தாள் என்பது எனக்கு நாற்பது வயதுக்குமேல்தான் புரிந்தது. தாளில் ஆருமில்லாதவள் என்று எழுதிவிட்டார்களே; அதை அவள் மாதாமாதம் அடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள்.

2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு எழுபது வயதானவர்களுக்கு, வருமானம் எதையும் பார்க்காமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு என்று அறிவித்துத் தொடங்கியபோது, அந்தத் தொகையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. எழுபது வயது ஆகியிருந்தால் போதும். ஏழை என்றோ, ஆதரவற்றவர் என்றோ எழுதித் தர வேண்டாம். பெரியாத்தா இருந்திருந்தால் எழுந்து நின்றிருக்கமாட்டாள்.

மில்லுக்குப் போகிற அந்த மகன்தான் என் அப்பா. 1962இல் சேர்ந்தார். ரிங் ஃபிரேமில் சைடர். பஞ்சுத்தூசி புருவத்தில் படிந்து வீடு வருவார். இழை அறுந்தால் ஓடும் கதிரிலேயே விரலால் பிடித்துத் திரித்து ஒட்டவைக்க வேண்டும். அந்த வேலையில் அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காய்த்துப்போயிருந்தன. எனக்கு ஜுரம் வந்தால் அந்தச் சொரசொரப்பான விரலால்தான் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

1998இல் ஐம்பத்தெட்டு முடிந்து வெளியே வந்தார். அப்போது நான் ஒரு பம்புசெட் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மாதாமாதம் பி.எஃப். சலான் போடுவது என் வேலை. அதனால் வீட்டில் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு பெயர். மில் வாசல் டீக்கடையில் அப்பாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்: சம்பளத்தை வருஷத்தால் பெருக்கி எழுபதால் வகுக்கணும், முப்பத்தைந்து வருஷம் என்றால் பாதிச் சம்பளம். அப்பா முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். பாதிச் சம்பளம் வரும் என்று மனதில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு ஒரு தையல் மெஷின் வாங்கித் தருவதாகவும் சொல்லிவிட்டார்.

கயிற்றுக் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த எழுபதுக் கணக்கு உண்மைதான். ஆனால் அது 1995 நவம்பர் 16 முதல் வந்த திட்டத்துக்கு. அதற்கு முந்தைய வருஷங்களுக்கு, 1971இல் வந்த குடும்ப ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த காலத்தைப் பார்த்து, அட்டவணையில் ஒரு சின்னத் தொகை போட்டிருந்தார்கள். சம்பளத்துக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. 1971க்கு முந்தைய ஒன்பது வருஷம் பென்ஷன் கணக்கிலேயே வராது. எழுபதால் வகுக்கும் கணக்குக்கு அப்பாவிடம் இருந்தது கடைசி இரண்டரை வருஷம்தான்.

அப்பா கோபப்படவில்லை. தாளை வாங்கிப் பார்த்தார். "அப்ப முப்பத்தாறு வருசத்துல ரெண்டரை வருசந்தான் வருசமா கண்ணு?" என்றார்.

சில நூறு ரூபாய் வந்தது. தையல் மெஷின் வரவில்லை.

இப்போது சேருகிறவர்களுக்கு முழுக் காலமும் எழுபதுக் கணக்குதான். ஆனால் பெருக்குகிற சம்பளம் நீங்கள் வாங்குகிற சம்பளம் அல்ல; அதற்கு உச்சவரம்பு உண்டு. முதலில் 5,000, பிறகு 6,500, 2014 செப்டம்பர் முதல் 15,000. நாற்பதாயிரம் வாங்கினாலும் பெரும்பாலானவர்களுக்குக் கணக்கு பதினைந்தாயிரத்தில்தான் நிற்கும். முப்பத்தைந்து வருஷத்துக்கு 7,500. முதலாளி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போய்விடுகிறது, மீதிதான் பி.எஃப். கணக்கில் ஏறுகிறது என்பதும் பலருக்குத் தெரியாது. பணம் குறைகிறதே என்று என் மேஜைக்கு வந்து சண்டை போட்டவர்கள் உண்டு. பாஸ்புத்தகத்தைக் காட்டி விளக்கினால் அமைதியாவார்கள். விலைவாசி ஏறினால் இந்தப் பென்ஷன் ஏறாது என்று சொல்லும்போதுதான் முகம் மாறும்.

2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று ஆக்கினார்கள். அப்பாவுக்கும் ஆயிரம் ஆனது. இரண்டு வருஷம் வாங்கினார். 2016இல் அவர் போனபின் அம்மாவுக்கு அதில் பாதிதான் வந்திருக்க வேண்டும். விதவைக்கும் குறைந்தபட்சம் ஆயிரம் என்று இருந்ததால் அதே தொகை வந்தது. பத்து வருஷம் தாண்டியும் அந்த ஆயிரம் ஆயிரமாகவே இருந்தது. இடையில் ஓஏபி 1,200 ஆகி அதைத் தாண்டிப் போய்விட்டது. அந்தப் பாட்டிகளுக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்களுக்கும் 1,200 எந்த மூலைக்கு? பணம் கட்டி வாங்கிய பென்ஷன், கட்டாமல் தருகிற உதவித்தொகையைவிடக் கீழே நிற்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அப்பாவின் முப்பத்தாறு வருஷம் இப்போது அம்மாவின் ஒரு மாத மளிகையில் பாதிக்குக் காணாது.

சித்தப்பாவின் கதை வேறு. அப்பாவின் தம்பி அரசுப் பள்ளி ஆசிரியர். ஒரே வளவில் பிறந்து, ஒரே அப்பத்தா கையால் சோறு உண்டவர்கள். ஒருவர் மில்லுக்குப் போனார். ஒருவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். சித்தப்பாவின் பென்ஷனில் அகவிலைப்படி ஏறும். 2022இல் வந்த திட்டப்படி மாதம் 497 ரூபாய் பிடித்துக்கொண்டு, நான்கு வருஷத்துக்கு 5 லட்சம்வரை ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடு. எண்பது வயது ஆனதும் அடிப்படைப் பென்ஷனில் இருபது சதவீதம் கூடுதல். ஓய்வு பெற்றபோது பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை மொத்தமாக முன்கூட்டியே வாங்கியிருந்தார். பதினைந்து வருஷம் கழித்து அது திரும்ப முழுதாக வர வேண்டும். அந்தத் தேதியை ஓய்வு பெற்ற அன்றே டைரியில் எழுதிவைத்தார். ஒவ்வொரு புது டைரிக்கும் அதைத்தான் முதலில் எடுத்தெழுதுவார். தேதி வந்த வாரத்தில் கருவூலத்துக்குப் போய் நின்றார்.

டிசம்பர் 17 ஓய்வூதியர் தினம். சங்கக் கூட்டத்தில் சித்தப்பா வருஷம் தவறாமல் நகரா வழக்கைப் பற்றிப் பேசுவார். 1982இல் அதே தேதியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. நகரா மத்திய அரசுப் பணியில் இருந்து 1972இல் ஓய்வு பெற்றவர். 1979இல் பென்ஷன் கணக்கை மேம்படுத்திய அரசு, அந்த வருஷம் மார்ச் 31இலோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் என்று கோடு கிழித்தது. ஒரு தேதிக்கு முன்னால் வீட்டுக்குப் போனவன் வேறு, பின்னால் போனவன் வேறா என்று கேட்டுத்தான் வழக்கு. ஐந்து நீதிபதிகள் அந்தக் கோட்டை அழித்தார்கள். பென்ஷன் என்பது அரசு மனமிரங்கிப் போடும் பிச்சையல்ல. செய்த வேலைக்குச் சேர வேண்டியது என்றார்கள். இதைச் சொல்லும்போது சித்தப்பாவின் குரல் வகுப்பில் பாடம் நடத்துகிற குரலாகிவிடும்.

ஒரு வருஷம் அப்பாவையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப்போயிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா கேட்டார்: "அந்தத் தீர்ப்பு மில்லுக்காரனுக்கும் உண்டா?" சித்தப்பா பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய மகளும் ஆசிரியைதான். 2003 ஏப்ரல் 1க்குப் பின்னால் சேர்ந்ததால் சித்தப்பா வாங்கிய பென்ஷன் அவளுக்கு இல்லை என்றார்கள். சம்பளத்தில் பத்து சதவீதம் பிடிக்கும் பங்களிப்புத் திட்டத்தில் அவளைச் சேர்த்தார்கள். அழித்த கோட்டை வேறொரு இடத்தில் கிழித்துவிட்டார்கள் என்பார் சித்தப்பா. அதைக் கூட்டத்தில் சொல்வதில்லை. சாப்பிட்டு எழும்போது சொல்வார்.

நான் சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. அதை எழுதத்தான் இத்தனை சுற்று.

2004. எங்கள் கம்பெனியில் லேத் ஓட்டிய தம்பி ஒருவர் வேலையை விட்டு நின்றார். வீட்டில் தங்கையின் கல்யாணம். பி.எஃப். பணம் அவசரம். ஒன்பது வருஷம் மூன்று மாதம் சர்வீஸ். பி.எஃப். வாங்கப் படிவம் 19. பென்ஷன் பங்குக்குப் படிவம் 10சி. அந்த 10சியில் இரண்டு வழி உண்டு. ஒன்று, கட்டியதற்கு ஏற்ப ஒரு தொகையை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துவிடுவது. இன்னொன்று, பணம் வாங்காமல் திட்டச் சான்றிதழ் வாங்குவது. அதை வைத்துக்கொண்டு அடுத்த கம்பெனியில் சேர்ந்தால் பழைய வருஷம் அங்கே கூடும். பத்து வருஷம் ஆகிவிட்டால் ஐம்பத்தெட்டு வயதில் பென்ஷன் நிச்சயம். அவருக்கு இன்னும் மூன்று மாதம் போதும். ஆறு மாதமோ அதற்கு மேலோ உள்ள துண்டு ஒரு வருஷமாகவே கணக்காகும்.

எனக்கு இது தெரியும். அன்று மார்ச் மாதக் கடைசி. மேஜை நிறையக் கணக்கு. அவர் அவசரத்தில் நின்றார். நானும் அவசரத்தில் இருந்தேன். முதல் வழியில் டிக் போட்டு, கையெழுத்து வாங்கி, அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் அவரை அலையவிடாமல் எல்லாத் தாளையும் நானே சரிபார்த்துக் கொடுத்தேன். ஒரே ஒரு வாக்கியம் சொல்லவில்லை.

2019இல் ஒண்டிப்புதூரில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரே வந்து பேசினார். நரைத்துப் போயிருந்தார். அடுத்துப் போன பட்டறை எட்டு வருஷத்தில் மூடிவிட்டதாம். அங்கேயும் பணத்தை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துவிட்டாராம். பதினேழு வருஷம் கட்டியும் பென்ஷன் கிடையாது. நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவர் பக்கத்திலிருந்த தன் மனைவியிடம் சொன்னார்: "இந்த அக்காதான் அன்னைக்கு என்னை அலையவிடாம பணம் வாங்கிக் குடுத்தாங்க. தங்கச்சி கல்யாணம் நடந்ததே இவங்களாலதான்."

அந்த அம்மா என்னைக் கும்பிட்டார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். சிங்காநல்லூரில் இறங்க மறந்து அடுத்த நிறுத்தம்வரை போய்விட்டேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறேன். தெருவில் யாருக்காவது ஏதாவது தாள் இருந்தால் கொண்டுவரட்டும், படித்துச் சொல்கிறேன் என்று அம்மா மூலமாகச் சொல்லிவிட்டேன். வருகிறார்கள். துணிக்கடைப் பையில், பிளாஸ்டிக் உறையில், தகர டப்பாவில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். பாதிப்பேருக்குக் கோளாறு ஒரே இடத்தில்தான்: பெயர். ஆதாரில் ஒரு முன்னெழுத்து, பேங்கில் ஒரு முன்னெழுத்து. கம்பெனிப் பதிவில் புருஷன் பெயர், ரேஷன் கார்டில் அப்பா பெயர். உயிரோடு இருக்கிற ஆளை ஒரு எழுத்து நிறுத்திவைக்கும். அதை வேலையில் இருக்கும்போதே சரி செய்தால் ஒரு நாள் வேலை. அறுபதுக்குப் பிறகு என்றால் ஒரு வருஷம்.

அப்பாவுக்கு நேர்ந்ததும் ரேஷன் கார்டில்தான். என் தம்பி திருப்பூரில் வீடு எடுத்தபோது வசதிக்காக அப்பா அம்மா பெயரைத் தன் கார்டில் சேர்த்துக்கொண்டான். அன்பில் செய்ததுதான். 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அதற்கு முன்னால் 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்திலும் நாங்கள் சேரவில்லை. புதிய திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000க்குள் இருக்க வேண்டும். இப்போது 1,20,000. தம்பியின் கார்டில் இருக்கும்வரை அப்பாவின் குடும்ப வருமானம் தம்பியின் சம்பளம்தான். சில நூறு ரூபாய் பென்ஷன் வாங்குகிறவர் வருமானம் மிகுந்தவராகிவிட்டார். பெயரை நீக்கி, தனிக் கார்டு வாங்கி, வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீசில் இருவரும் படம் எடுத்துக்கொண்டு அட்டை வாங்க ஒரு வருஷம் பிடித்தது. பெற்றவர்களைத் தன் கார்டிலிருந்து எடுக்கத் தம்பிக்கு மனசே வரவில்லை. அவனிடம் மணிக்கணக்கில் பேச வேண்டியிருந்தது.

அட்டை வந்த இரண்டாம் மாதம் அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஒரு தனியார் மருத்துவமனையில் காப்பீட்டுக்கென்று தனி மேஜை இருந்தது. அனுமதி வரும்வரை காத்திருந்தோம். மறுநாள் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கு எங்களிடம் பணம் வாங்கவில்லை. முன்னால் எடுத்த பரிசோதனைகளுக்கு வாங்கினார்கள். அவையும் திட்டத்தில் அடங்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கணக்கு எழுதுகிறவள் நான். ரசீதைக்கூட ஒழுங்காகக் கேட்டு வாங்கவில்லை. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். இதற்காகத்தான் திண்ணையில் சொல்கிறேன்: அட்டையை நோய் வருவதற்கு முன்னால் வாங்குங்கள், எது எது அடங்கும் என்று படுக்கையில் சேர்க்கும்போதே மேஜையில் கேளுங்கள். நோய் வந்த வீட்டில் யாருக்கும் தாள் படிக்கிற கண் இருக்காது.

அந்த அட்டை படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கு. மாதாமாதம் விழுங்கும் மாத்திரைக்கு அல்ல. இதைப் பலர் மருந்துக்கடை வாசலில்தான் தெரிந்துகொள்கிறார்கள். அப்பாவுக்கு அந்த மாத்திரை ஈ.எஸ்.ஐ.யில் கிடைத்தது. தமிழ்நாட்டில் ஈ.எஸ்.ஐ. முதலில் வந்ததே எங்கள் கோயமுத்தூரில், 1955இல். ஐந்து வருஷமாவது ஈ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முடிந்து ஓய்வு பெற்றவர் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் தன் துணைக்கும் மருத்துவம் தொடரும். மாதம் பத்து ரூபாய்! மூன்று வருஷம் அப்பாவுக்கு அது தெரியாது. மில்லில் யாரும் சொல்லவில்லை, கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. கணக்கும் எழுதிய எனக்கும் தெரியாது. கூட வேலை பார்த்த ஒருவர் மருந்துச் சீட்டோடு போவதைப் பார்த்து அப்பாவே கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்று வீட்டுக்குள் வந்த நடையே வேறு. "அம்மிணி, நாம கட்டுன பணம் இன்னும் நம்மளத் தேடிட்டிருக்குது" என்றார்.

அம்மாவுக்கு இப்போது ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். அதில் வரும் பெண் கையைப் பிடித்து அழுத்தம் பார்த்துவிட்டு, மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் மோர் குடித்துவிட்டுப் போகும். அந்தப் பெண் வந்துபோன நாளில் அம்மாவின் பேச்சில் ஒரு தெம்பு இருக்கும்.

பேங்கில் அன்று ஏழாவது தடவையும் அந்தக் கருவி அவளை ஏற்கவில்லை. "நாளைக்கு வாங்க பாட்டி, காலையில ஈரமில்லாம இருக்கும்" என்றாள் அந்தப் பெண். வெளியே வந்ததும் அம்மா பேசவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்து விரலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "இந்தக் கையில என்ன மிச்சம் இருக்குது" என்றாள், வீட்டுப் படி ஏறும்போது.

தபால்காரரைக் கூப்பிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. தபால் துறையின் பேங்க் வழியாக அவர்கள் வீட்டுக்கே வந்து வாழ்நாள் சான்று எடுத்துத் தருகிறார்கள்; அப்போது 70 ரூபாய். கணினி வழிச் சான்று 2014 நவம்பரில் வந்தது. விரல் படியாதவர்களுக்கு முகத்தைப் பார்த்தே எடுக்கும் வசதி 2021 நவம்பரில் சேர்ந்தது. எனக்கு இது தெரிந்தும், கூட்டிப் போய்விடலாம் என்று பேங்குக்குப் போயிருந்தேன்.

மறுநாள் வந்தார். மோட்டார் சைக்கிள். வயது முப்பதுக்குள். அதே மாதிரி வாசலில் நிறுத்திவிட்டு, அதே மாதிரி திண்ணையில் உட்கார்ந்தார். அம்மா தயாராகக் கட்டைவிரலை நீட்டினாள்.

"கை வேண்டாங்க பாட்டி. முகம் மட்டும்."

போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். வெளிச்சத்துக்காகச் சற்றுத் திரும்பி உட்காரச் சொன்னார். அம்மா படம் எடுக்கிறார்கள் என்று தலையைக் கோதி, தாலி இல்லாத கழுத்தில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, கண்ணை அகல விரித்து அசையாமல் இருந்தாள்.

"கண்ணச் சிமிட்டுங்க பாட்டி. அப்பத்தான் எடுக்கும்."

"சிமிட்டுனா படம் கெட்டுடும் சாமி."

"இல்லீங்க. சிமிட்டுனாத்தான் உசுரோட இருக்கறீங்கன்னு அதுக்குத் தெரியும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். இரண்டு கண்ணையும் இறுக்க மூடி, திறந்தாள். ஒரு தடவை போதும்; இன்னொரு தடவையும் மூடித் திறந்தாள். போனில் பச்சை விழுந்தது. சற்று நேரத்தில் என் போனுக்குச் சான்றின் எண் வந்தது. அதைத் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். மடித்து அப்பாவின் பென்ஷன் ஆணை இருக்கும் உறைக்குள் வைத்தாள்.

எழுபது ரூபாயை வாங்கிக்கொண்டு அந்தப் பையன் எழுந்தபோது, "இரு சாமி" என்று உள்ளே போனாள். டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. இரண்டு கடலை மிட்டாயோடு வந்து ஒன்றை அவன் கையில் வைத்தாள். இன்னொன்றை எனக்குக் கொடுத்தாள்.

ராத்திரி படுக்கை விரிக்கும்போது வழக்கம்போல எண்ணெய்க் கிண்ணத்தைக் கேட்டாள். இனிமேல் விரல் வேண்டியதில்லையே அம்மா என்றேன்.

"குடு அம்மிணி" என்றாள்.